கருணைக்கு மதிப்பெண்

அந்த ஆய்வு மருத்துவமனையில் டாக்டர்கள் நோயாளிகளோடு பேசுவதை நிறுத்தியது கெட்ட எண்ணத்தால் அல்ல. அறிவியலுக்காக.

டாக்டர்களுக்குப் பேசத் தெரியவில்லை என்று நெடுநாளாகப் புகார் இருந்தது. சிலர் நோயாளியின் காகிதங்களைப் பார்த்துப் பேசினார்கள், சிலர் கடிகாரத்தைப் பார்த்துப் பேசினார்கள். ஒருவர் மட்டும் நோயாளியின் கண்ணையே பார்த்துப் பேசினார். ஆனால் அவர் கண் டாக்டர். ஆகவே ஆராய்ச்சியாளர்கள் கூடி, செயற்கை நுண்ணறிவை வைத்து ஒரு கருவி செய்தார்கள். நோயாளியின் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் அதுவே படிக்கும். படித்ததைக் கனிவான குரலில் அதுவே எடுத்துச் சொல்லும். கேட்டால் பதிலும் சொல்லும். அதற்கு 'ஆறுதல்' என்று பெயர் வைத்து, ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு திரையாக மாட்டினார்கள். ஆறுதல் பேசி முடித்ததும் திரையில் முகங்கள் வரிசையாக வரும். பச்சையாகச் சிரிக்கிற முகத்தில் தொடங்கி, சிவப்பாக அழுகிற முகத்தில் முடியும். நோயாளியோ உடனிருப்பவரோ ஒன்றைத் தொட வேண்டும். அதுதான் கருணைக்கான மதிப்பெண்.

மனிதர் சொல்லும் ஆறுதல் உசத்தியா, கருவி சொல்லும் ஆறுதல் உசத்தியா என்பதுதான் ஆய்வு. நோயாளிகளைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு இரண்டு பிரிவாகப் பிரித்தது. கருவிப் பிரிவில் டாக்டர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஆய்வு கெட்டுப்போகும். அதற்கு அவர்கள் வைத்திருந்த சொல் 'கலப்படம்'.

இந்தக் கருவிப் பிரிவில்தான் பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மனைவிக்கு இடம் கிடைத்தது.

ஓட்டுநருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் 'மெதுவா மாமா'. காலி சாலையிலும் மாட்டு வண்டிக்குப் பின்னால் போகிறவர் மாதிரிதான் ஓட்டுவார். யார் எது சொன்னாலும் நம்புகிற மனிதர். அவர் மனைவி தையல்காரி. நம்புவதற்கு முன்னால் எதையும் ஒரு தடவை திருப்பிப் போட்டுப் பார்க்கிறவள். அளவெடுக்கும்போதே ஆளையும் எடைபோட்டுவிடுவாள் என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். வயிற்றுவலி என்று வந்தவளைத்தான் உள்ளே படுக்க வைத்திருந்தார்கள்.

"உங்களுக்கு அதிர்ஷ்டம் சார். கருவிப் பிரிவு விழுந்திருக்கு" என்றார் ஆய்வின் ஒருங்கிணைப்பாளர். எப்போதும் சிரித்த முகமாக இருக்கும் இளைஞர்.

"அப்ப டாக்டர் பாக்க மாட்டாங்களா?"

"நல்லா பாப்பாங்க. பேச மாட்டாங்க."

"எங்க மேல எதாவது கோவமா சார்?"

ஒருங்கிணைப்பாளர் அந்தக் கேள்வியை ரசித்துச் சிரித்தார்.

டாக்டர் வந்தார். ஒல்லியான பெண், ஓட்டுநரின் மகளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். நோயாளி வாயைத் திறக்க வேண்டும் என்றால் தன் வாயைத் திறந்து காட்டினார். மூச்சை இழுக்க வேண்டும் என்றால் தான் இழுத்துக் காட்டினார். எல்லாம் முடிந்ததும் தலையசைத்துவிட்டுப் போனார்.

"பாவம், தொண்டை கட்டியிருக்கு போல. வெந்நீர் குடிக்கச் சொல்லுங்க" என்றாள் தையல்காரி.

மறுநாள் வயிற்றை அழுத்திப் பார்க்கும்போது அவள் முனகியதைக் கேட்டு, டாக்டர் தன்னை மறந்து "வலிக்குதா?" என்று கேட்டுவிட்டார். ஒரே ஒரு சொல். அதற்காக அவரை 'மௌனக் கண்ணியம்' என்ற பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் முகக்கவசத்துக்கு மேல் இன்னொரு முகக்கவசம் போட்டுக்கொண்டார்.

ஸ்கேன் முடிந்ததும் ஆறுதல் முதன்முதலாகப் பேசியது.

"உங்கள் கணையத்தில் கட்டி இருக்கிறது. அது கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இதைக் குணப்படுத்த முடியாது. வலியைக் குறைக்க முடியும். இனி இருப்பது சில மாதங்கள்தான். பார்க்க வேண்டியவர்களை இப்போதே வரச் சொல்லுங்கள். எனக்கு வருத்தமாக இருக்கிறது."

முகங்கள் வரிசையாக வந்தன. ஓட்டுநர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். சிவப்பு முகத்தைத் தேடி, திரை உடைந்துவிடும்போல அழுத்தினார். ஒரு தடவை அழுத்தியது போதவில்லை. மறுபடி மறுபடி அழுத்தினார்.

"அதைப் போய் எதுக்குங்க குத்தறீங்க? அது என்ன பண்ணும்" என்றாள் மனைவி. அவள் கண்ணை மூடியிருந்தாள். மூடிய இமைக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

அந்த வார்டில் அந்த வாரம் எல்லாக் கட்டிலிலும் சிவப்பு முகம்தான். மதிப்பெண்களைக் கூட்டிப் போடும் கருணைக் குறியீடு தரையைத் தொட்டது. நிறுவனம் பதறிப்போய் குடும்பத்தாரை அரங்கத்துக்கு அழைத்தது. குளிரூட்டிய அரங்கம், மெத்தை வைத்த நாற்காலி. இயக்குநர் மேடையேறினார். நோயாளிகளைப் பார்த்து நெடுங்காலமாகிவிட்ட பெரிய டாக்டர் அவர்.

"உங்க வலி எங்களுக்குப் புரியுது" என்று தொடங்கினார். "வரைபடத்துல தெளிவா தெரிஞ்சுது. ஒரு மனுஷ டாக்டர் கெட்ட செய்தி சொன்னா, நீங்க அவரை ரெண்டு நாள் திட்டிட்டு மன்னிச்சிடறீங்க. கருவியை மன்னிக்க மாட்டேங்கறீங்க. அதனால மன்னிப்பே தேவைப்படாத மாதிரி கருவியை மாத்திட்டோம். இதுக்கு முன்னாடி எங்களுக்குள்ள பெரிய விவாதம் நடந்துச்சு. உண்மை பக்கம் நிக்கறதா, மதிப்பெண் பக்கம் நிக்கறதா? உண்மையை அளக்க எங்ககிட்ட முறை இல்ல. மதிப்பெண்ணை அளக்க இருக்கு. அளக்க முடிஞ்சதுதான் அறிவியல். இனிமே ஆறுதல் நீங்க விரும்பற மாதிரிதான் பேசும். அதுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தது நீங்கதான். உங்க விரல்தான்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஓட்டுநர் கொஞ்சம் அதிகமாகவே தட்டினார்.

வெளியே வரும்போது ஒருங்கிணைப்பாளரைப் பிடித்துக்கொண்டார். "சார், அப்ப முன்னாடி அது சொன்னது தப்பா?"

"அது பழைய பதிப்பு சார். சொன்ன விதம் தப்பு. திருத்திட்டோம்."

அதில் 'தப்பு' என்பது மட்டும் ஓட்டுநரின் காதுக்குள் போனது. போன இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

புதிய பதிப்பு தேனாகப் பேசியது. குரலைக்கூட மாற்றியிருந்தார்கள். "உங்கள் உடல் சிகிச்சையோடு ஆழமான உரையாடலில் இருக்கிறது" என்றது. "கட்டி தன் பயணத்தைத் தொடர்கிறது; நீங்களும் உங்கள் பயணத்தைத் தொடர்கிறீர்கள்" என்றது. தையல்காரி அதற்குப் 'புது மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தாள்.

"பேச்சு மட்டும்தாங்க. கேட்டா வேலை வெட்டி என்னன்னு தெரியாது."

"உனக்கு எதைத்தான் பிடிக்கும்? எவ்வளவு தன்மையா பேசுது" என்பார் அவர். பச்சை முகத்தைத் தொடுவார். ஒவ்வொரு தடவை தொடும்போதும் அவருக்குள் ஏதோ ஒன்று கொஞ்சம் இளகும். வீட்டில் தனியாகச் சாப்பிட முடிந்தது. பேருந்தில் பிள்ளைகள் போடும் சத்தத்துக்குச் சிரிக்க முடிந்தது.

அவள் உடம்பு பாதியாகிக்கொண்டு வந்தது. கண்ணில் மஞ்சள் ஏறியது. வலி வரும்போது போர்வையைப் பல்லில் கடித்துக்கொள்வாள்.

"வலி என்பது உடல் உங்களோடு பேசும் மொழி" என்றது ஆறுதல்.

"அப்ப உடம்பைக் கொஞ்சம் மெதுவா பேசச் சொல்லு" என்றாள் அவள்.

பேசாத டாக்டர்தான் ஓசையில்லாமல் வந்து ஊசி மருந்தைக் கூட்டிவிட்டுப் போவார். போவதற்கு முன்னால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நிற்பார். கையைப் பிடிப்பது பேச்சாகுமா என்பதைப் பற்றி நிறுவனம் ஒரு குழு அமைத்திருந்தது. முடிவு இன்னும் வராததால் அவர் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த வார்டின் கருணைக் குறியீடு உலகத் தரத்தைத் தாண்டிவிட்டது. வெளியிலிருந்து வல்லுநர்கள் பார்க்க வந்தார்கள். எந்தக் கட்டிலிலிருந்து அதிகப் பச்சை வருகிறதோ அந்தக் கட்டிலுக்கு இயக்குநரே அவர்களை அழைத்துவந்தார். அது தையல்காரியின் கட்டில். நிறையத் தொட்டது அவள் கணவர்.

"ஆறுதல் உங்களுக்கு எப்படி உதவுதும்மா?" என்று கேட்டார் ஒரு வல்லுநர்.

"வலிக்குதுன்னு சொன்னா ரொம்ப அழகா பேசுதுங்க. அதைக் கேக்கறதுக்காகவே அப்பப்ப வலிக்க விட்டுடறேன்."

வல்லுநர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். நோயாளியின் ஈடுபாடு என்றார் ஒருவர். கட்டிலைச் சுற்றி நின்று மெல்லக் கைதட்டினார்கள். அவள் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் மகளிடமிருந்து போன் வந்தது. தூரத்து நகரம் ஒன்றில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

"அப்பா, வேலை நிரந்தரம் ஆகற வரைக்கும் ஒரே ஒரு தடவைதான் லீவு குடுப்பாங்களாம். இப்ப வரட்டுமா, கொஞ்சம் தள்ளி வரட்டுமா? டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லுங்கப்பா."

ஓட்டுநர் நடைவழியில் டாக்டரைத் தேடிப் பிடித்தார். "டாக்டரம்மா, நீங்க பேசக் கூடாதுன்னு தெரியும். ஒண்ணே ஒண்ணு. என் மகளை இப்ப வரச் சொல்லட்டுமா?"

டாக்டர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு தலையை மேலும் கீழுமாக ஆட்டினார். பலமாக ஆட்டினார். ஒரு தடவை ஆட்டி நிறுத்தவில்லை.

"டாக்டர், தலையாட்டறதும் பேச்சுதான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஒருங்கிணைப்பாளர் சிரித்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தார். "சார், இது கலப்படம். நீங்க இதை மனசுல வெச்சுக்காதீங்க. ஆறுதல்கிட்ட கேளுங்க. அதுதான் உங்க பிரிவு."

ஓட்டுநர் திரும்பி வந்தார். மனைவி மருந்து மயக்கத்தில் கண் செருகிக் கிடந்தாள். அவள் காதில் விழாதபடி திரைக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கேட்டார்.

"உங்கள் மகளின் அன்பு எத்தனை தூரத்திலிருந்தும் அம்மாவைத் தொடுகிறது" என்றது ஆறுதல். "அவசரம் என்ற சொல்லை இப்போதைக்கு நம் வீட்டுக்குள் விட வேண்டாம். அவர் தன் வேலையில் வேர்விடட்டும். சந்திப்பதற்கு உகந்த நேரம் தானாகவே வரும்."

அவர் பச்சை முகத்தைத் தொட்டார். வெளியே போய் மகளைக் கூப்பிட்டார். "அவசரமில்லம்மா. வேலை நிரந்தரம் ஆகட்டும். நிதானமா வா."

சாயங்காலம் அவள் தெளிந்திருந்தபோது விஷயத்தைச் சொன்னார். அவர் முகம் வெளிச்சமாக இருந்தது. தையல்காரி அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"அவங்க எங்க பேசறாங்க? தலைய மட்டும் ஆட்டினாங்க. அதெல்லாம் கணக்குல வராதாம்."

"எப்படி ஆட்டினாங்க?"

அவர் ஆட்டிக் காட்டினார். அவள் அதையும் பார்த்துக்கொண்டாள். பிறகு சீப்பை எடுத்துத் தரச் சொன்னாள். மகளோடு போனில் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்றாள். அவர் தலைவாரிவிட்டார், முடி கையோடு வந்தது, அதைச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டார். திரையில் மகள் முகம் வந்ததும், அவள் தன் முகத்தில் விளக்கு வெளிச்சம் விழாதபடி போனைச் சாய்த்துப் பிடித்தாள்.

"நல்லாத்தான் இருக்கேன். நீ வேளைக்குச் சாப்பிடு. சட்டைக்கு ஏன் இப்படி இஸ்திரி போடாம நிக்கிறே?"

மகள் சிரித்தாள். அவளும் சிரித்தாள். போனை வைத்த பிறகும் அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம்தான்.

ஓட்டுநர் காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, பேருந்தைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு வந்தார். வார்டின் கதவு சாத்தியிருந்தது. உறவினர்களுக்காக வெளியே மாட்டியிருந்த பெரிய திரை அவர் முகத்தை அடையாளம் கண்டுகொண்டு பேசியது.

"வணக்கம். உங்கள் மனைவி இப்போது முழு ஓய்வில் இருக்கிறார். இனி அவருக்கு வலி இல்லை. அமைதி அவரைச் சூழ்ந்திருக்கிறது."

அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எத்தனை நாளாகத் தூங்காமல் கிடந்தவள். கதவைத் தொடவில்லை. பச்சை முகத்தைத் தொட்டுவிட்டு, எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். தள்ளுவண்டி கடகடவென்று வந்தது. "தம்பி, கொஞ்சம் மெதுவா தள்ளுப்பா. உள்ள தூங்கறா" என்றார். தள்ளுகிறவன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, வண்டியைத் தூக்காத குறையாகக் கொண்டுபோனான். பக்கத்தில் போனில் சத்தமாகப் பேசிய ஒருவரிடம் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். அவரும் எழுந்து தள்ளிப் போனார். பிறகு ஓட்டுநர் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்று, வாயைக் கையால் பொத்திக்கொண்டு மகளிடம் பேசினார்.

"அம்மா தூங்கறாம்மா. வலியே இல்லையாம். ரொம்ப நாள் கழிச்சு இப்பதான் அசந்து தூங்கறா. எழுந்ததும் பேசச் சொல்றேன்."

வெயில் ஜன்னலைத் தாண்டித் தரைக்கு வந்தது. அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

கதவு திறந்து டாக்டர் வெளியே வந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் நின்றார். ஓட்டுநர் உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவாம்மா. இப்பதான் தூங்கறா."

டாக்டர் இரண்டு முகக்கவசங்களையும் கழற்றினார். அவர் முகத்தை ஓட்டுநர் முழுசாகப் பார்த்தது அப்போதுதான். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஐயா, உங்க மனைவி இறந்துட்டாங்க. காலைல. நான் பக்கத்துல இருந்தேன்."

ஓட்டுநருக்கு முதலில் வந்த பயம் வேறு.

"நீங்க பேசக் கூடாதே டாக்டரம்மா. உங்களுக்கு எதாவது ஆயிடப் போகுது."

"பரவாயில்லைங்கய்யா."

"இப்பதான் இது ஓய்வுன்னு சொல்லுச்சு" என்று திரையைக் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "மகள்கிட்ட தூங்கறான்னு சொல்லிட்டேனே" என்றார்.

நிறுவனம் விசாரணை நடத்தியது. கருவிப் பிரிவு நோயாளி ஒருவரின் கணவரிடம் டாக்டர் முழு வாக்கியங்களாகப் பேசியிருக்கிறார், கலப்படம் நிரூபணமாகிவிட்டது. டாக்டரைக் கீழ்த்தளத்தில் பழைய எக்ஸ்ரே படங்கள் அடுக்கிவைக்கும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே பேசுவதற்கு ஆளில்லை, அதனால் பேச அனுமதி இருந்தது. ஓட்டுநரிடம் ஒருங்கிணைப்பாளர் நேரில் வந்து தெரிவித்தார். "மன்னிக்கணும் சார். உங்க மனைவியை ஆய்விலிருந்து எடுக்க வேண்டியதாப் போச்சு. எங்களைப் பொறுத்தவரைக்கும் அவங்க இங்க வரவே இல்லை." முகம் அப்போதும் சிரித்த மாதிரியேதான் இருந்தது. அது அவருடைய முகத்தின் அமைப்பு என்று ஓட்டுநருக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆய்வுக்கு விருது கிடைத்தது. இயக்குநர் பேசினார்.

"எங்க கருவிப் பிரிவுல யாரும் இறக்கலைன்னு நான் சொல்ல வரல. யாரும் இறந்ததா யார்கிட்டயும் சொல்லப்படல. மருத்துவ வரலாற்றுல இது முதல் தடவை. அடுத்த கட்டமா, சாவு வீட்டுக்கும் ஆறுதலைக் கொண்டுபோகப் போறோம். அழுகையை ஆரம்பத்திலேயே கண்டுபிடிச்சிட்டா தடுத்துடலாம்."

விருதுக்கெல்லாம் முன்பே, சாவுச் செய்தி கேட்டு மகள் வந்திருந்தாள். கிடைக்க வேண்டிய ஒரே லீவு இதற்குக் கிடைத்தது. எல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு, தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தவள், அப்பாவைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஏன்பா என்னைக் கூப்பிடல?"

கருவி சொன்னது என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. அவர் தன் கைகளைப் பார்த்தார்.

"ரெண்டு பதில் வந்துச்சும்மா. டாக்டர் வரச் சொல்லுன்னு தலையாட்டினாங்க. அந்தப் பெட்டி அவசரமில்லைன்னுச்சு. கேக்க எது நல்லா இருந்துச்சோ அதை எடுத்துக்கிட்டேன்."

மகள் எழுந்து உள்ளே போனாள். மறுநாள் காலையில், "அந்த டாக்டரைப் பாக்கணும்" என்றாள்.

கீழ்த்தள அறையில் தரையிலிருந்து கூரைவரை எக்ஸ்ரே உறைகள் அடுக்கியிருந்தன. டாக்டர் அவர்களைப் பார்த்ததும் எழுந்தார். இருந்த இரண்டு நாற்காலிகளையும் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"எங்கம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு முழுசா சொல்லுங்க" என்றாள் மகள். "எதையும் மறைக்காதீங்க."

டாக்டர் சொன்னார். கட்டி எங்கே தொடங்கியிருக்கும், வந்தபோதே எவ்வளவு தூரம் பரவியிருந்தது, எந்த மருந்து கேட்டது, எது கேட்கவில்லை என்று நடந்ததை நடந்தபடியே சொன்னார். கடைசி வாரம் வலி அதிகமாகத்தான் இருந்தது என்றார். கடைசி நாள் காலையில் மூச்சு வாங்கியது, தண்ணீர் கேட்டார், உதட்டை நனைத்துவிட்டேன், கையைப் பிடித்திருந்தேன், பிறகு நின்றுவிட்டது என்றார். குரலில் கனிவு எதுவும் தனியாக இல்லை. இரண்டு இடத்தில் நிறுத்தி மறுபடி தொடங்கினார்.

"பேசினாளா?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"என்கிட்டயா? 'தொண்டை சரியாயிடுச்சா'ன்னு கேட்டாங்க."

ஓட்டுநர் அழுதார். அவள் போனதிலிருந்து அன்றுதான் அழுதார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, வெட்கமில்லாமல் அழுதார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. முடிந்ததும் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லுங்கம்மா. முதல்லேருந்து" என்றார். டாக்டர் இன்னொரு தடவை சொன்னார்.

மகள் மட்டும் அழாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் மெல்லக் கேட்டாள்.

"அப்பா கேட்ட அன்னிக்கே நான் கிளம்பி வந்திருந்தா, அம்மா என்கூட உக்காந்து பேசியிருப்பாங்களா?"

ஓட்டுநர் டாக்டரின் முகத்தைப் பார்த்தார். ஒரு கணம், இல்லை என்று சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது.

டாக்டர் அவரையும் பார்த்தார், அவளையும் பார்த்தார்.

"பேசியிருப்பாங்க" என்றார். "ஒரு வாரம் நல்லாவே பேசியிருப்பாங்க."

மகள் தலையை ஆட்டினாள். அப்பாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.